மெர்சிங் கடலில் சிவப்புக் கொடி வலை

எனக்கு நீச்சல் தெரியாது. படகு லேசாக ஆடினாலே பலகையை இறுகப் பிடித்துக்கொள்வேன். அப்படிப்பட்ட நான் போன மாதம் ஒரு சனிக்கிழமை மெர்சிங் போனதற்குக் கலாதான் காரணம். பெக்கோக்கில் என்னோடு படித்தவள், இப்போது மெர்சிங் மருத்துவமனையில் தாதி. ஓய்வு நாள்களில் மீனவர்களோடு சேர்ந்து டால்பின்களைப் படமெடுத்துக் கணக்கு வைக்கிறாள். முதுகுத் துடுப்பின் வடுக்களை வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் காண்பார்களாம். துடுப்பு நுனி அறுந்த ஒரு தாய் குட்டி போட்டிருக்கிறது, சில நாளாக இரண்டையும் காணோம், கேமரா பிடிக்க ஆள் வேண்டும் என்றாள்.

நான் இருக்கும் சிம்பாங் ரெங்கத்திலிருந்து குளுவாங் வழியாக ஏறக்குறைய 115 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம். படகு எண்ணெய்க்கு என் பங்கு 50 ரிங்கிட். போகிறவர்கள் நீர்மட்டத்தை முதலில் விசாரியுங்கள். கடல் வற்றிய நேரத்தில் படகு ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டாது. நாங்கள் காலை எட்டரை வரை காத்திருந்தோம், நான் கடலையே பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

படகோட்டி பாக் மான், மலாய்க்காரர். கலாவின் வாட்ஸ்அப் குழுவில் மீனவர்களைச் சேர்த்துவிட்டவர் அவர்தான். டால்பினை எங்கே பார்த்தோம், வலையை எங்கே போட்டோம் என்று அவர்கள் அதில் சொல்வார்கள். பதிலுக்குக் கலா கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று: யார் வலையையும் தொடமாட்டோம். அடுத்தவர் வலையில் கை வைப்பவன் அங்கே திருடன்.

அரை மணி நேரத்தில் தாயும் குட்டியும் தென்பட்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பாக் மான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் சிவப்புக் கொடி ஒன்று மிதந்தது, அதிலிருந்து திரைபோல நீளமாக ஒரு வலை. இரண்டும் நேராக அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தன. சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாது. கொடியைப் பார்த்ததுமே அது யாருடைய வலை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. போன் செய்தார், லைன் கிடைக்கவில்லை. இன்ஜினை முடுக்கி விரட்டலாமே என்றேன். தாயும் குட்டியும் பிரிந்துவிடும் என்றார்.

கலாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "இன்னைக்குத் தொட்டோம்னா, நாளைக்கு ஒருத்தரும் நம்மகிட்ட வாயத் திறக்க மாட்டாங்க" என்றாள்.

"அதுக்காகப் பார்த்துக்கிட்டே நிக்கப் போறியா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அவள் பாக் மானிடம் மலாயில், வலையைத் தூக்குங்கள் என்றாள். என்னிடம், "நீ வலைய மட்டும் வீடியோ எடு. மீன் ஒண்ணும் எடுக்கலன்னு தெரியணும்."

அவர்கள் இருவரும் வலையின் ஒரு முனையை இழுத்துப் படகில் ஏற்றினார்கள். நான் கேமராவை வலையைவிட்டு நகர்த்தவில்லை. துள்ளும் மீன்கள், ஈரக் கயிறு, கைகள் என்று அதையே எடுத்தேன். பின்னால் மூச்சுவிடும் சத்தம் கேட்டது, முதலில் பெரியதாக, பிறகு சின்னதாக. கடந்துபோய்விட்டன. பார்க்கத்தான் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. வலையை இருந்த இடத்திலேயே இறக்கினோம்.

கரைக்கு வரும் வழியில் பாக் மானின் போனுக்கு லைன் கிடைத்தது, வலைக்காரரை அழைத்து விஷயத்தைச் சொன்னார். படகு கட்டும் ஜெட்டியில் அவர் நின்றிருந்தார். கலா எல்லாவற்றையும் தானே சொல்லி வீடியோவைக் காட்டினாள். முழுவதும் பார்த்தார், கத்தவில்லை. மீன் பெரிதல்ல, தொடமாட்டோம் என்று சொன்னது யார் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் குழுவிலிருந்து விலகினார், அவரோடு இன்னும் இரண்டு பேர்.

"குட்டி பொழச்சிருச்சு. ஆனா இனிமே அவரு வலை எங்க கெடக்குன்னு நமக்குத் தெரியாது லா" என்றாள் கலா.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலமான நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். கிட்டே போகச் சொல்லிப் படகோட்டியை நச்சரிக்காதீர்கள். இவையெல்லாம் சுலபம்.

இந்தச் சனிக்கிழமை நான் மறுபடியும் மெர்சிங் போகிறேன். படகு ஏற அல்ல, கலாவோடு அந்த வலைக்காரர் வீட்டுக்கு. மன்னிப்புக் கேட்பதில் எங்களுக்குத் தயக்கமில்லை. இனி எந்த நிலையிலும் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்யச் சொன்னால் என்ன செய்வாய் என்று கலாவிடம் கேட்டேன். பதிலுக்கு அவள் அந்தக் குட்டியின் பழைய படம் ஒன்றை எனக்கு அனுப்பினாள்.