பாலைவனத்தில் பொங்கிய மாவு

பாலைவனத்துப் பாறை பார்ப்பதற்காக எட்டு மணி நேரம் வண்டி ஓட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். அதிலும் கேவலம், ஃப்ரீமான்ட் வீட்டுச் சமையலறையை அப்படியே, படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு வாடகை டிரெய்லரில் ஏற்றி இழுத்துக்கொண்டு போனவன். இட்லிப் பானை, குக்கர், ஒரு தூக்கு நிறைய மாவு. இயற்கையை ரசிக்கப் போகிறோமாம்!

மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். ஆகஸ்டில் கிழக்குக் கரைக் கல்லூரிக்குப் போகிறவள். அதற்குமுன் ஒரு காலை, வெயில் ஏறுமுன், அங்கிருக்கும் பாறை வளைவுவரை நாங்கள் இருவர் மட்டும் நடக்க வேண்டும். "ப்ராமிஸ்?" என்றாள். "ப்ராமிஸ்" என்றேன்.

எங்கள் ஊர்க் குளிரில் மாவு லேசில் புளிக்காது. இரவில் ஓவனுக்குள் வைத்து அதன் விளக்கைப் போட்டுவிடுவது வழக்கம். வழக்கத்தை விடுவேனா? மே மாதக் கடைசியில், ராத்திரியிலும் சூடு அடங்காத பாலைவனத்தில், மாவைக் கொண்டுபோய் டிரெய்லர் ஓவனுக்குள் வைத்தேன். "அப்பதான் இட்லி பஞ்சு மாதிரி வரும்" என்று மனைவிக்கு விளக்கம் வேறு.

விடியும்போது ஓவன் கதவிடுக்கு வழியாக மாவு தரைக்கு இறங்கியிருந்தது. மனைவி அதில்தான் காலை வைத்தாள்.

"நான் ப்ரெட் எடுத்துக்கலாம்னு சொன்னேனா இல்லையா?"

மகள் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். "பத்து நிமிஷம்மா" என்றேன். கழுவக் கழுவ மாவு போகவில்லை, டிரெய்லர் தொட்டியில் இருந்த தண்ணீர்தான் போயிற்று. கேன்களை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் காரில் கிளம்பினேன். திரும்பும்போது மணி ஒன்பது. அப்போதாவது நடந்திருக்கலாம். தூக்கின் அடியில் மாவு மிச்சமிருந்ததே! அதை ஊற்றி, வேகவைத்து, "பாருங்க, எப்படி வந்திருக்கு" என்று இரண்டு பேர் தட்டிலும் வைத்த பிறகுதான் எனக்கு மனம் ஆறியது.

பத்தரைக்கு நானும் மகளும் கிளம்பினோம். பத்து மணிக்குமேல் நடக்க வேண்டாம் என்று பலகை இருந்தது. அதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு, நாம் பார்க்காத வெயிலா என்றேன். கால் மைல் தாண்டவில்லை, நாக்குத் தள்ளிவிட்டது. சுற்றிலும் உருண்டை உருண்டையாகப் பாறைகள். எனக்கு எல்லாமே இட்லியாகத் தெரிந்தன. அவ்வளவுதான் என் ரசனை. "போதும்மா, தலை சுத்துது" என்று ஒரு நிழலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. ஃபோனை நீட்டினாள். பாறை வளைவின் கீழே அவள், முகத்தில் இளவெயில்.

"எப்பம்மா போனே?"

"வென் யூ வென்ட் ஃபார் வாட்டர். அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"யாரு எடுத்தா?"

"பக்கத்து டிரெய்லர் அங்கிள். ஹி வாஸ் நைஸ்."

"அப்புறம் ஏன் மறுபடி என்கூட வந்தே?"

"யூ ப்ராமிஸ்ட், அப்பா."

மேலே நடக்க எனக்குத் தெம்பில்லை. அவள்தான் கைகொடுத்துத் தூக்கி, டிரெய்லருக்குத் திரும்ப அழைத்து வந்தாள்.

அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். அந்தப் படம் எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் "சூப்பரா இருக்கே, நீங்களா எடுத்தீங்க?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றுதான் சொல்கிறேன்.