கம்பி இல்லாத பியூஸ் கட்டை

அப்பாவின் வண்டியில் பெரிய பாட்டு செட் வைத்தது மாமாவின் யோசனை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஒருநாள் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, ஒரு புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழித்துக்கொண்டார். அதைக் கேட்ட மாமா மறுநாளே ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பேஸ் ஸ்பீக்கர் பெட்டியும் கொண்டுவந்து மாட்டினார். அன்று முதல் அப்பா தூங்கவில்லை. வண்டி தூங்க ஆரம்பித்தது.

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றுக்கு லோடு அடிக்கும் சின்ன லாரி அது. கேசட் போய் சிடி வந்திருந்த சமயம். எனக்குப் பத்து வயது இருக்கும்.

செட் வந்த முதல் வாரமே பேட்டரிக்குப் போகும் ஒயர் சூடாகி இளகிவிட்டது. அம்மா பியூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் இருந்தாள். வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாக இருக்குமே, அந்தக் கட்டைதான். சூளையிலிருந்து வருவதில் நல்லது, கழிவு பிரித்துப் போடுவது அவள் வேலை.

"ஊருக்கெல்லாம் செய்யறோம், நம்ம வண்டிக்கு ஒண்ணு இல்லியா" என்று சூப்பர்வைசரிடம் கேட்டு ஒன்றை வாங்கி வந்தாள். முந்தானையில் துடைத்து அப்பாவிடம் கொடுத்தாள். அத்தனை வருஷத்தில் அந்தக் கம்பெனியில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

அப்பா, சார்ஜ் ஏற்றும் டைனமோவிலிருந்து பேட்டரிக்கு வரும் தடித்த ஒயரை நடுவில் வெட்டி, பானட்டுக்குள் அதை மாட்டினார். மாமா எட்டிப் பார்த்தார்.

"வண்டிக்கு மெயின் போர்டே வச்சிட்டியே அக்கா. இனிமே மாசாமாசம் ஈபி ஆளு வருவான் பாரு."

அம்மா கண்டுகொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பொட்டு வைக்கும்போது கட்டைக்கும் ஒன்று வைத்தாள்.

ஒயர் அப்புறம் இளகவில்லை. ஆனால் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. அம்மா வேலைக்குப் போகிற புடவையோடும், நான் யூனிஃபார்மோடும் தள்ளுவோம். தள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அவள் கம்பெனிக்கு, நான் ஸ்கூலுக்கு. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பெல்ட் மாற்றினார்கள். டைனமோவைப் பிரித்து பிரஷ் போட்டார்கள். பேட்டரியே புதிதாக வந்தது. பத்து நாளில் அதுவும் படுத்துக்கொண்டது. பாட்டை நிறுத்தினால் கொஞ்சம் தேவலை. ஆனால் அப்பாவுக்குக் கண் சொக்கும்.

ஒருநாள் லோடோடு கருவேப்பிலங்குறிச்சியில் டீக்கு நிறுத்தினார். அங்கேயே நின்றுவிட்டது. ஆள் பிடித்துத் தள்ளியதில் வண்டி வெட்டி இழுத்து, வைக்கோலுக்குள் இருந்த பீங்கான் சரக்கு நொறுங்கிப் போனது. இன்னொரு தடவை நின்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகக் கம்பெனி முதலாளி சொல்லிவிட்டார். எங்களுக்கு லோடு தருவது அவர் ஒருவர்தான். அப்பா வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தார்.

மறுநாள் ஞாயிறு. அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு பேட்டரி கடை பாயிடம் போனார். என்னை சீட்டில் உட்கார வைத்து, பாட்டைக் கூட்டிக் குறைக்கச் சொன்னார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பாய் பேட்டரியில் மீட்டரை வைத்தார்.

"பாப்பா, ஏத்து."

ஏற்றினேன். மீட்டர் பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கீழே போனது.

"பதினாலு வரணும்" என்று அப்பா முணுமுணுத்தார்.

பாய் மீட்டரை டைனமோவுக்குக் கொண்டுபோனார். அங்கே பதினாலு இருந்தது.

"அது நல்லாத்தான் குடுக்குது டிரைவரே. வழியில எவனோ சாப்புடறான்."

ஒயரின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு வந்தவர், கட்டையைத் தொட்டதும் கையை உதறினார். மூடியைப் பிடுங்கினார். உள்ளே பித்தளை கறுத்துக் கிடந்தது. வண்டி குலுங்கிக் குலுங்கிப் பிடிப்பு விட்டுப்போச்சு, சுவத்துல சும்மா இருக்கவேண்டிய சாமான் இது என்றார்.

"எந்த புத்திசாலி இத மாட்டச் சொன்னது?"

"நான்தான் பாய்" என்றார் அப்பா.

நான் வாயைத் திறந்தேன். அப்பா ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

பாய் புது ஒயர் இழுத்து, வண்டிக்கென்று வருகிற பியூஸைப் போட்டார். பாட்டு ஓடும்போதே பேட்டரியில் பதினாலுக்குப் பக்கம் காட்டியது. பழைய கட்டையைக் கழற்றிக் கழிவு டின்னில் போட்டார். அப்பா அதை எடுத்து, பழைய இடத்திலேயே வைத்து முடுக்கினார்.

"கம்பியே இல்லாம எதுக்குங்க அது?"

"இருக்கட்டும் பாய்."

வண்டிக்கு என்ன கோளாறு என்று வீட்டில் அம்மா கேட்டாள். டைனமோவில் ஒரு ஒயர் லூசு என்று அப்பா சொன்னார். சரி என்று சோறு போட்டாள்.

பொய் சொன்னதற்கு அதே வீட்டில் நான் அடி வாங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வரை பொறுத்துப் பார்த்தேன். அம்மா பானட்டைத் திறந்து, புழுதியைத் துடைத்து, கட்டைக்குப் பொட்டு வைத்தாள்.

"அதுல ஒயரே இல்லம்மா. அதாலதான் வண்டி நின்னுச்சாம்."

"தெரியும்" என்றாள் அம்மா. "எனக்குக் கண்ணு இல்லியா? அப்பாகிட்ட போயி ஒளறிகிட்டு இருக்காத."

பானட்டை மெதுவாக மூடினாள்.

இரண்டு பேருக்குமே வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்கு ஓடினேன்.