தங்கச்சியின் நாவல்களும் நான் சொன்ன முடிவும்

தங்கச்சி வவுனியாவுக்குக் கம்பஸ் படிக்கப் போன பிறகுதான் எங்கள் வீட்டுக்கு நாவல்கள் வரத் தொடங்கின. வெள்ளிக்கிழமை பின்னேரம் பரந்தனில் பஸ் மாறித் தர்மபுரத்தில் வந்து இறங்குவாள். பையில் உடுப்போடு இரண்டு மூன்று புத்தகங்கள் இருக்கும். எல்லாம் இளையோருக்கென்று இப்போது எழுதப்படுகிறவை. அவளும் சிநேகிதிகளும் அங்கே ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினார்கள். மாதம் ஒருக்கால் கூடி, எல்லாரும் படித்த ஒரு நாவலைப் பற்றிக் கதைப்பார்கள்.

எனக்கு முப்பத்துமூன்று வயது. வீட்டிலிருந்து சட்டை தைக்கிறேன். பதினாறு வயதுப் பிள்ளைகளின் கதையில் எனக்கென்ன அலுவல் என்றுதான் இருந்தேன். ஒருநாள் கரண்ட் நின்று மெஷின் ஓடவில்லை. சும்மா இருக்கேலாமல் ஒன்றை எடுத்தேன்.

அதில் வருகிற பெட்டை தாயோடு கோபித்துக்கொண்டு அறைக் கதவைப் பூட்டிவிடுவாள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு விடவில்லை. மூன்று அத்தியாயத்துக்கு அவள் வெளியே வரமாட்டாள். தாய் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வெளியிலேயே நிற்பாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். பொறாமை. அச்சில் இருக்கிற ஒரு பெட்டையைப் பார்த்தும் வயிறு எரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். யுத்தத்தில் இடம்பெயர்ந்திருந்த என் பதினாறு வயதில் எங்களுக்குக் கதவு இல்லை, தறப்பாள் கூடாரம்தான். நாலு வயதுத் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் வரிசையில் நின்றேன். கோபித்துக்கொள்ள நேரமும் இல்லை, வந்து சமாதானம் செய்ய அம்மாவுக்குத் தெம்பும் இல்லை.

ஆனாலும் விட முடியவில்லை. இன்னொரு நாவலில் ஒரு பொடியன் சோதனையில் பெயிலாகிவிட்டு, வீட்டில் சொல்லப் பயந்து, ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூட உடுப்போடு போய்க் கடற்கரையில் இருந்துவிட்டு வருவான். அவனோடு சேர்ந்து நானும் பயந்தேன். இந்த நாவல்கள் சின்ன விஷயத்தைச் சின்னது என்று தள்ளுவதில்லை. ஒரு சிநேகிதி கண்டும் காணாமல் போனால் அதற்கு ஒரு அத்தியாயம் முழுக்க இடம் கொடுக்கும். எங்களுக்கு, "உயிர் தப்பினதே பெரிசு, பேசாமல் இரு" என்றுதான் சொன்னார்கள்.

தங்கச்சியிடம் நான் சொன்னது இதுதான்: "கதவைப் பூட்டின அந்தப் பெட்டை ஏன் கோபிக்கிறாள் தெரியுமோ? என்ன செய்தாலும் அம்மா தன்னை விட்டிட்டுப் போகமாட்டா எண்ட நம்பிக்கையிலை. அது இல்லாத பிள்ளையள் கோபிக்கிறேல்லை."

இரண்டு கிழமையில் அவள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். வட்டத்தில் எழுந்து நின்று, நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கை தட்டினவை அக்கா. கூட்டத்துக்கு வந்த கம்பஸ் மிஸ் இதை எழுதித் தரச் சொன்னவா."

"அக்கா சொன்னது எண்டு சொன்னியோ?"

"அந்த நேரம் அதெல்லாம் எங்கை ஞாபகம் வருது" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த முறை அவள் கொண்டுவந்த நாவலை, தைக்கத் தந்த துணிகளுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். விடுதியில் ஒன்றாக இருந்த இரண்டு சிநேகிதிகள் ஒரு கடிதத்தால் பிரிந்துபோகிற கதை. அவளுக்கு வாசிக்க இன்னும் நாற்பது பக்கம் இருந்தது.

"புத்தகத்தைக் கண்டனீங்களோ அக்கா?"

"நான் காணேல்லை."

அவள் வெறுங்கையோடு வவுனியாவுக்குப் போனாள். வியாழக்கிழமை போன் எடுத்தாள். "நாளைக்கு நான்தான் கதைக்க வேணும். புத்தகம் கிடைச்சுதோ?"

"இப்பதான் கிடைச்சுது. நான் வாசிச்சிட்டன்."

"அப்ப முடிவைச் சொல்லுங்கோ."

அந்த நாவலின் முடிவில் இருவரும் சேரமாட்டார்கள். பஸ் நிலையத்தில் ஒருத்தி மற்றவளைக் காண்பாள், கூப்பிடாமல் பஸ்ஸில் ஏறிவிடுவாள். நான் சொன்னேன்: "ஒருத்தி வெளிநாட்டுக்குப் போவாள். மற்றவள் எயார்போட்டுக்கு ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடிச்சு அழுவாள்."

அதை அவள் அப்படியே, கண் கலங்கச் சொல்லியிருக்கிறாள். மற்ற எல்லாரும் புத்தகத்தைப் படித்தவர்கள்.

அன்றைக்குப் பின்னேரமே வந்தவள் பையைக் கதிரையில் வைத்துவிட்டு நின்றாள். "ஏன் அக்கா அப்பிடிச் செய்தனீங்கள்?"

"எரிச்சலிலை."

"ஆரிலை?"

"உன்னிலைதான்."

"நீங்கள் சொன்னதை எடுத்தது பிழைதான். கேட்டிருந்தால் நான் திருத்தியிருப்பன்."

"கேட்டனான். நீ சிரிச்சனி."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. என்ன நடந்ததென்று கேட்ட அம்மாவிடம், அவளுக்குப் பஸ் களைப்பு என்று சொல்லிவிட்டேன். பிறகு இரண்டு மாதம் அவள் வீட்டுக்கு ஒரு புத்தகமும் கொண்டுவரவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இரண்டு மாதம் குறைவு.

கடைசியில் அவளே போனில் சொன்னாள், "வட்டத்துக்கு நீங்களே வந்து கதையுங்கோ" என்று. குரலில் கோபம் அப்படியே இருந்தது. போனேன். ஓமந்தை தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடுவமோ என்று யோசித்தேன்.

எட்டுப் பெட்டைகள் பிளாஸ்டிக் கதிரைகளில் வட்டமாக இருந்தார்கள். நான் எழுந்து, "தங்கச்சி சொன்ன பிழையான முடிவு என்ரை. வேணுமெண்டுதான் சொன்னனான்" என்றேன்.

ஒருத்தி கேட்டாள், "அப்ப ஏன் அக்கா கட்டிப்பிடிக்க வைச்சனீங்கள்? வேறை ஏதும் சொல்லியிருக்கலாமே?"

யோசித்துப் பார்த்தேன். "எனக்கு அப்பிடி முடியவேணும் போலையும் இருந்தது" என்றேன்.

அது உண்மைதான். சொல்லும்வரைக்கும் எனக்கே தெரியாது. தங்கச்சி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்துக் கதிரையிலிருந்த தன் பையைத் தூக்கி மடியில் வைத்தாள். நான் போய் அந்தக் கதிரையில் இருந்தேன்.

இப்போது மாதாமாதம் போகிறேன். எனக்கென்று தனியாக ஒரு புத்தகம் தருகிறார்கள். கூட்டம் முடிந்து அந்தப் பிள்ளைகள் கை கோத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போவார்கள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிடுவேன். தெருவுக்கு மற்றப் பக்கத்தில் நின்று அவர்கள் சிரிப்பதைப் பார்க்க இன்னும் எரிகிறது.