அத்தை வந்தால் எழுந்து போகிறவர்

என் அப்பா அய்சேயா தன் அக்காவோடு ஒரே அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஃபிபே அத்தை வாசலில் தலை காட்டினால் போதும், கையில் எடுத்த சேப்பங்கிழங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பின்கதவு வழியாக வெளியே போய்விடுவார். சண்டை ஒன்றும் கிடையாது. எங்கள் டோங்கா தீவுகளில் அக்காவுக்குத் தம்பி காட்டுகிற மரியாதை அது. பையன்கள் விவரம் தெரிகிற வயதில் தனிக் குடிலுக்குப் படுக்கப் போய்விடுவார்கள். அப்படிப் போன பிறகு அப்பா அத்தையின் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசியிருப்பாரா என்பதே சந்தேகம்.

அந்த அத்தைதான் அவரை எங்கே புதைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர். சாவு வீட்டில் அப்பாவின் மூத்த அக்கா சொல்வதுதான் சொல். பெற்ற பிள்ளைக்கு அங்கே வாய் கிடையாது.

அப்பா துறைமுகத்துக்கு எதிரே, தீவுகளுக்கிடையே கப்பல் ஓட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கர். எடுபிடியாகச் சேர்ந்து, தபால் வழியில் படித்து அந்த நாற்காலிக்கு வந்தவர். சீட்டு விற்கும் தொமாசி தினமும் அவர் மேசையைத் தட்டிவிட்டுத்தான் போவாராம்.

"அய்சேயா, இன்னிக்குப் பேச வேண்டிய வார்த்தையப் பேசிட்டியா, இல்ல நாளைக்கும் சேத்து மிச்சம் பிடிக்கிறியா?"

அப்பா சிரிப்பார். அதுதான் பதில். வேலை முடிந்ததும் மற்றவர்கள் போதை தரும் காவா வேர்ச்சாறு குடிக்கப் போவார்கள். அவர் ரொட்டியும் தகர டப்பா மாட்டிறைச்சியும் வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வருவார். வீட்டில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

அம்மா லெசியெலி வடக்கே வவாவு தீவுக்காரி. இரண்டாவது பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. குழந்தையும் தங்கவில்லை. அங்கேயே புதைத்துவிட்டார்கள். எனக்கு அப்போது நாலு வயது. தேவாலயத்துப் பெண்கள் அப்பாவுக்கு வேறு பெண் பார்த்தார்கள். அவர் மறுத்ததாகவும் யாருக்கும் நினைவில்லை, சம்மதித்ததாகவும் இல்லை. பேசாமலே இருந்து அந்தப் பேச்சைத் தேய்த்துவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை கட்டாயம். பக்கத்து வீட்டுக்காரியிடம் பார்த்துக் கற்றுக்கொண்டு அப்பாதான் பின்னிவிடுவார். கண் இமைக்க முடியாத அளவுக்கு இறுக்கிவிடுவார். "உங்கப்பா கணக்கு எழுதுறாரா, மீன் வலை பின்னுறாரா?" என்று வகுப்பில் கேட்பார்கள். வலிக்கிறது என்று நான் அவரிடம் சொன்னதில்லை. நாங்கள் இருவருமே அதிகம் சொல்கிறவர்கள் இல்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் கப்பலில் வவாவு போவோம். கரையிலிருந்து வெள்ளை மணலைச் சாக்கில் சுமந்து வந்து அம்மாவின் மேட்டில் புதிதாகப் பரப்புவார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான். ஃபிஜியின் சுவா நகரத்தில் பட்டம் வாங்கி நான் திரும்பிய ஆண்டு, மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"லவினியா, இந்தப் பக்கம் உங்க மாமா இடம் விட்டு வெச்சிருக்காரு. என்னை இங்க கொண்டாந்துடு."

"அத்தைகிட்ட சொல்லிட்டீங்களாப்பா?"

"நான் எப்படிம்மா சொல்றது?" என்றார், நான் ஏதோ தகாததைக் கேட்டதுபோல. "நேரம் வர்றப்போ நீ சொல்லு."

சரி என்றேன். அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. சிறிய விஷயம் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஒரு கிழவியிடம் ஒரு வாக்கியம் சொல்ல முடியாதா?

இந்த ஆண்டு மே மாதம், அலுவலக மேசையிலேயே அப்பா சரிந்தார். ஆஸ்பத்திரியில் வலது பக்கம் முழுக்க அசைவில்லை, பேச்சும் இல்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் அத்தை வந்து நின்றார். அப்பா எழப் பார்த்தார். முடியவில்லை. இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து, கடைசியில் முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தை உள்ளே வரவில்லை. வெளியே நடையில் பாயை விரித்து உட்கார்ந்தார். அப்பா இறக்கும்வரை அங்கேயேதான் இருந்தார்.

அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தார்.

எங்கள் வழக்கப்படி மகளுக்குச் சாவு வீட்டின் பின்பக்கம்தான் இடம். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கிழிந்த பழைய பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு மண்ணில் குழி தோண்டிய அடுப்புக்குக் கல் சுமந்தேன். சுவாவில் மூன்று ஆண்டுகள் வழக்கத்தைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அதில் ஒரு வார்த்தைகூட அந்தப் புகையில் நினைவுக்கு வரவில்லை. ஒன்றுவிட்ட அண்ணன் கெப்பு பன்றியைத் திருப்பிக்கொண்டே என்னைச் சீண்டினான்.

"பட்டதாரியம்மா, கண்ணு எரியுதா? இதுக்கும் சுவாவுல ஒரு பாடம் வெச்சிருக்கலாம்ல?"

"அண்ணே, அப்பாவ வவாவுக்குக் கொண்டுபோகணும். அவரே என்கிட்ட சொன்னாரு."

கெப்புவின் சிரிப்பு நின்றது. "என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? உள்ள இருக்காங்க பாரு, அவங்ககிட்ட சொல்லு. ஆனா ஒண்ணு, நீ எதுத்துப் பேசினா ஊரு குறை சொல்லும். உன்னை இல்ல, வளத்தவரச் சொல்லும்."

திறந்திருந்த கதவு வழியாக அத்தை தெரிந்தார். அப்பாவின் தலைமாட்டில், அடுக்கிய பாய்களின்மேல் உட்கார்ந்திருந்தார். வாசனைத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி அப்பாவின் நெற்றியில் தடவினார். புருவத்தில் தடவினார். காதுக்குப் பின்னால் எதையோ பார்த்து, குனிந்து மறுபடியும் பார்த்தார். பாடகர் குழு ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்கியது. அத்தை நிமிரவில்லை.

அடக்கத்துக்கு முதல் நாள் மதியம் என்னைக் கூப்பிட்டார்கள். பக்கத்து அறையில் அத்தை கத்தரிக்கோலோடு காத்திருந்தார். தகப்பனுக்காக மகள் முடி கொடுக்க வேண்டும். வெட்டுவது அத்தையின் உரிமை. அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முகம் தெரியாததால்தான் எனக்குப் பேச வந்தது.

"அத்தை, அப்பா ஒண்ணு சொல்லியிருக்காரு."

"என்னவாம்?"

"அம்மா பக்கத்துல படுக்கணுமாம். வவாவுல. மாமா இடம்கூட வெச்சிருக்காரு."

கத்தரி ஓடிக்கொண்டிருந்தது. முடி என் மடியில் விழுந்தது.

"எங்கிட்ட சொல்லலியே அவன்."

"எப்படி அத்தை சொல்வாரு? நீங்க வந்தா எழுந்து போயிடுவாரே."

"அது மரியாதைடி."

"மரியாதைதான். நான் இல்லேன்னு சொல்லல."

கத்தரி நின்றது. "சின்னப் பையனா இருந்தப்போ நான்தான் இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் குடிலுக்குப் போனான். நான் சமைச்சத அவன் தின்னான், அவன் வாங்கின துணிய நான் கட்டினேன். முதுகைத்தான் பாத்தேன்டி, இத்தனை வருஷமும். நான் வர்றேன், அவன் முதுகு போகுது." மூச்சு வாங்கினார். "உங்கம்மாவுக்கு ஏழெட்டு வருஷம் கிடைச்சான். உனக்கு இருபத்தஞ்சு. எனக்கு இப்பதான் வந்திருக்கான். நாளைக்கே கப்பல்ல ஏத்தி அனுப்பச் சொல்றியா?"

"அவரு கேட்டது அத்தை."

"கேட்டான். உன்கிட்டத்தானே கேட்டான்."

மீதி முடியையும் வெட்டினார். கழுத்தில் ஒட்டியிருந்ததை ஊதிவிட்டார். "எந்திரி, மருமவளே. இங்கதான். நான் போறப்போ எனக்கும் அவன் பக்கத்துல இடம் இருக்கு."

நான் எழுந்து அடுப்புக்குத் திரும்பினேன். இன்னும் ஒருமுறை கேட்டிருக்கலாமா என்று இன்றுவரை யோசிக்கிறேன். அத்தையின் கால்களில் விழுந்திருக்கலாம். ஊரைக் கூட்டிக் கத்தியிருக்கலாம். அப்பாவின் விருப்பத்துக்காக, அப்பா வாழ்நாள் முழுக்க மீறாத ஒன்றை நான் மீறியிருக்க வேண்டுமா? எது அவருக்குப் பிடித்திருக்கும்? கேட்க ஆள் இல்லை. அடுத்த நாள் எங்கள் கிராமத்து இடுகாட்டில், அவருடைய பெற்றோருக்குப் பக்கத்தில் அவரை இறக்கினார்கள்.

பத்தாம் நாள் மேட்டின்மேல் எரிமலைக் கூழாங்கல் பரப்பப் போனோம். கழுவி எண்ணெய் பூசிய கறுப்புக் கற்கள். மற்றவர்கள் வேலையை முடித்துவிட்டு நிழலுக்குப் போன பிறகும் அத்தை ஒவ்வொரு கல்லாக வைத்துக்கொண்டிருந்தார். போகத் திரும்பிய என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"சத்தமா சிரிப்பானா?"

"யாரு?"

"உங்கப்பன்தாண்டி."

"இல்ல அத்தை. சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும்."

"சின்ன வயசுல ஊரே கேக்கச் சிரிப்பான்." ஒரு கல்லை எடுத்து, திருப்பிப் பார்த்து வைத்தார். "காதுக்குப் பின்னாடி ஒரு தழும்பு இருக்கே, அது எப்ப பட்டது?"

"தெரியல. பெத்த பிள்ளைங்க அப்பா தலையத் தொடக்கூடாதே."

"ஆமா. நீங்க தொடக்கூடாது." அடுத்த கல்லை எடுத்து வைத்தார். பிறகு, "கப்பல்ல போறப்போ என்ன பண்ணுவான்? தூங்குவானா, சீட்டாடுவானா?"

எனக்குக் கோபம் போயிருக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். "வாந்தி எடுப்பாரு அத்தை. கப்பல் கிளம்பினதும் ஆரம்பிச்சா, வவாவு கரை தெரியற வரைக்கும். ஒரு வாளியக் கட்டிப் பிடிச்சிட்டு மேல்தளத்துல கிடப்பாரு. பச்சத் தண்ணிகூட நிக்காது."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். திரும்பி வர்றப்பவும்."

"அப்புறம் எதுக்குடி வருஷா வருஷம் போனான்?"

 அத்தை கையில் இருந்த கல்லை வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிவிட்டது, வாங்க அத்தை என்று நிழலிலிருந்து கெப்பு கூப்பிட்டான். அவருக்குக் கேட்கவில்லை.