மூன்றாம் பாகம் முடியும் வரை

என் அண்ணன் சாகும்போது அவனுக்கு வயது முப்பத்திரண்டு. எதனால் என்று கேட்பவர்களிடம் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், என்று சொல்லிவிடுவேன். அது பாதி உண்மை. மீதியைச் சொல்வதென்றால் ஜப்பான்காரர்களின் வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இழவு விசாரிக்க வருகிறவர்களுக்கு அதைக் கேட்கப் பொறுமை இருக்காது, எனக்கும் அவர்களிடம் சொல்லப் பிடிக்காது.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேராக இருந்தோம். அப்பா போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஜப்பான்காரர்கள் நடத்திய தொலைக்காட்சிப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அண்ணன் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். இருபத்து நாலு வயதிலேயே அவனுக்கு இனிப்பு நீர் கண்டுவிட்டது. வருடங்கள் போகப் போகப் பாதம் மரத்துப் போயிருந்ததால், பூட்ஸைத் துளைத்துக்கொண்டு ஏறிய இரும்புச் சிம்பு அவனுக்கு உறைக்கவே இல்லை. ஒரு வாரம் அதன் மேலேயே நடந்திருக்கிறான். நாற்றம் அடித்த பிறகுதான் அம்மா காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். வேலையும் போயிற்று.

அதோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டான். சோறு வைத்தால் சாப்பிடுவான், கேட்டால் தலையை ஆட்டுவான். நாள் முழுக்க சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பான். எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும், அப்போதும் அப்படித்தான். வேலை முடிந்து, நாளெல்லாம் நின்ற காலோடு வீட்டுக்கு வந்தால், இரண்டு விரல் போனதற்கு உலகமே முடிந்த மாதிரி ஒருவன் கிடக்கிறான். "எத்தன நாளைக்கு இப்படியே கெடப்ப?" என்று ஒருநாள் கத்தினேன். அதற்கும் தலையைத்தான் ஆட்டினான்.

தொழிற்சாலையில் ஒரு ஜப்பானிய இன்ஜினியர் தன் ஊருக்குத் திரும்புவதாக இருந்தார். வீட்டுச் சாமான்களை எங்கள் உற்பத்தி லைனில் இருந்தவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். எனக்கு ஒரு சின்ன தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. கூடவே அவருடைய மகன் விளையாடிய கருவியும், ஒரே விளையாட்டுத் தொடரின் மூன்று பாகங்களும். அவர் ஊர் மின்சாரத்துக்குச் செய்த சாமான் என்பதால் இரும்புக் கட்டி போன்ற ஒரு டிரான்ஸ்பார்மரையும் கட்டிக் கொடுத்தார். கிளம்புமுன், மூன்றாம் பாகத்தைச் சொருகி, என் கையைப் பிடித்து, இடது கட்டைவிரலைக் கருவியின் சுவிட்சிலும் வலது கட்டைவிரலை அதன் பக்கத்துப் பொத்தானிலும் வைத்தார். பொத்தானை அழுத்திப் பிடித்தபடிதான் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று இரண்டு முறை செய்து காட்டினார். இதற்கு இத்தனை பவ்யமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அப்படியே ஒப்பித்துவிட்டு மறந்துபோனேன்.

அவன் அதைத் தொடுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தபோது ஹாலில் பெட்டியின் முன் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். சுடுவதும் குதிப்பதும் இல்லாத விளையாட்டு அது. ஒரு சின்ன மனிதன் பெரிய நாடு ஒன்றில் நடந்துகொண்டே இருப்பான். வழியில் பிசாசும் வௌவாலும் மறிக்கும், அடித்து வீழ்த்தினால் அவனுக்குப் பலம் ஏறும். பலம் போதுமான அளவு ஏறிய பிறகு கடைசியில் அசுர ராஜாவைப் போய்ப் பார்க்க வேண்டும். எல்லாமே ஜப்பானிய எழுத்து. எங்களுக்குப் புரிந்ததெல்லாம் எண்கள் மட்டும்தான்.

"இங்க பாரு," என்றான் அண்ணன். மாதக்கணக்கில் அவனாகப் பேசிய முதல் வார்த்தை. "இந்தக் கொக்கி மாதிரி இருக்கே, இத அமுக்குனா கதவு தொறக்குது. எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு, சிராங்கூன் ரோட்டில் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகங்கள் நாலு வாங்கினேன். அவற்றில் அண்ணன் குகைகளுக்கு வரைபடம் போட்டான். வெல்டர் கை, கோடு பிசகாது. கொக்கி என்றால் கதவு, கத்தரிக்கோல் என்றால் பேசு, நண்டு என்றால் மருந்து என்று எங்களுக்கென ஓர் அகராதி உண்டாயிற்று. முதல் இரண்டு பாகங்களிலும் நிறுத்தும்போது திரையில் ஒரு நீண்ட எழுத்து வரிசை வரும். அதை வரைந்து வைத்துக்கொண்டு மறுநாள் திரும்ப இட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நான்தான் வரைவேன். வரைந்து முடித்ததும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவோம். டிரான்ஸ்பார்மர் சூடாகி உறுமிக்கொண்டிருப்பது அம்மாவுக்குப் பயம். தினமும் மாலை ஏழு மணிக்கு செபமாலை சொல்வதற்கு முன் வீட்டில் அதன் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும் என்பது அவள் சட்டம்.

அம்மாவுக்கும் அந்த விளையாட்டு கொஞ்சம் பிடித்துப்போனது. அதில் சிலுவை வைத்த கோயில் இருந்தது, சாமியார் இருந்தார். ஆனால் நாலு பேர் சேர்ந்து போகும்போது ஒருவன் செத்தால், மற்றவர்கள் அவனுடைய சவப்பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். அதைப் பார்த்த அன்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அண்ணன் மூன்றாம் பாகத்தில் பாதி தாண்டியிருந்தபோது புண் மறுபடியும் கறுத்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் விஷம் இரத்தத்தில் ஏறிவிடும் என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அழ ஆரம்பித்தாள். அப்போது அண்ணன் மாதா படத்தின் முன்னால் போய் நின்றான்.

"இந்த மூணாவத முடிச்சிட்டுப் போறேம்மா. மாதா மேல சத்தியம். முடிச்ச மறுநாளே போறேன்."

எங்கள் வீட்டில் மாதாவுக்குச் சொன்ன வார்த்தைக்கு அப்பீல் கிடையாது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனே நாள் குறித்துக்கொண்டான் என்பதுபோல் அதைப் பிடித்துக்கொண்டாள், நானும்தான். ஓர் அசுரனைக் கொல்வதற்கும் காலை வெட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ஊரில் எல்லோரிடமும் வாய்த்துடுக்காகப் பேசும் நான் அன்று வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். நானோ நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எப்போது கேட்டாலும் "இன்னும் பலம் பத்தல லா" என்பான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனுக்குக் காய்ச்சல், அறையில் படுத்துவிட்டான். பலம் ஏறுவது சண்டை போட்டுத்தானே, சண்டையை யார் போட்டால் என்ன, நானே போட்டுக் கொடுத்துவிட்டால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றியது. ஹாலில் பெட்டியின் முன் உட்கார்ந்தேன். நாலு மணியிலிருந்து ஏழு வரை கை வலிக்க வலிக்கப் பிசாசுகளை அடித்தேன். பலத்தின் எண் இரண்டு படி ஏறியது. விளையாட்டில் இருக்கும் நல்ல ராஜாவின் அரண்மனைக்குப் போய் அவரிடம் சொல்லி அதைப் பதிந்தும் வைத்தேன். மூன்றாம் பாகத்தில் எழுத்து எதையும் வரைய வேண்டியதில்லை, அதுவே தன் வயிற்றில் வைத்துக்கொள்ளும்.

"மணி ஏழாச்சுடி," என்று அம்மா செபமாலையோடு வந்து முட்டி போட்டாள். நான் வழக்கம்போல் எட்டிச் சுவர் சுவிட்சைத் தட்டினேன். டிரான்ஸ்பார்மர் உறுமலை நிறுத்தியது. செபமாலை முழுக்க எனக்கு ஒரே பெருமை, மனம் செபத்தில் இல்லை.

மறுநாள் பூசையிலிருந்து வந்து கருவியைப் போட்டபோது திரை கறுப்பாக வந்தது. அதுவரை கேட்டிராத ஒரு பாட்டு, சாவு வீட்டுச் சங்கு மாதிரி, ஒருமுறை ஒலித்து நின்றது. பதிந்து வைத்தவற்றைக் காட்டும் மூன்று வரிகள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தேன், இல்லை. அப்போதுதான் அந்த இன்ஜினியர் என் கட்டைவிரல்களைப் பிடித்து வைத்தது நினைவுக்கு வந்தது. அண்ணன் ஒவ்வொரு நாளும் இரண்டு கட்டைவிரலால்தான் அணைப்பான். அவன் வழக்கம் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அப்படி அணைக்காவிட்டாலும் எப்போதும் அழிந்துவிடாது என்று பிறகு ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டில் அழிந்தது.

அறைக்குள் போய்க் கட்டிலருகே நின்றேன். "அண்ணே, எல்லாம் அழிஞ்சிருச்சு. நாந்தான். செவுத்து சுவிட்ச அடச்சிட்டேன்." அழுகை வந்துவிட்டது.

அவன் திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவன் முகம் தெளிந்தது. "பரவால்ல லா," என்றான். "மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிடலாம். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி ரெண்டு மாசம் தள்ளிக் கேளு." பெருந்தன்மை என்று நினைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் தொழிற்சாலை கேண்டீன் பக்கத்துத் தொலைபேசியில் நான்தான் பேசினேன். அந்தப் பக்கம் இருந்த பெண், டாக்டர் இதை விரும்பமாட்டார் என்று இரண்டு முறை சொன்னாள். வீட்டில் கஷ்டம் என்று பொய் சொன்னேன். அவள் வேறு தேதி கொடுத்தாள்.

அதன் பிறகு அவனை அவசரப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. தவறு என்னுடையது, எந்த முகத்தோடு கேட்பது? வரைபடங்கள் கையில் இருந்ததால் இரண்டாம் முறை வேகமாகத்தான் போனான். ஆனால் அசுர ராஜாவின் கடைசி அரண்மனை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டான். உள்ளே போவான், இரண்டு மாடி இறங்குவான், திரும்பி வந்துவிடுவான். "இன்னும் பத்தல." எத்தனை எண் இருந்தால் போதும் என்று எனக்குத் தெரியாது, அவன் சொன்னதுதான் கணக்கு. அறையில் சாம்பிராணி போட்டும் நாற்றம் போகவில்லை. அம்மா ஒருநாள் தயங்கித் தயங்கி, "இன்னும் எவ்வளவுடா தம்பி?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லுமுன் நான் பாய்ந்தேன். "நான் அழிச்சதுக்கு அவன் என்னம்மா பண்ணுவான்? முடிக்கட்டும், விடு." அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை.

புதிய தேதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது குளிர் நடுக்கம் கண்டது. நண்பகலுக்குள் அவனுக்கு எங்களையே அடையாளம் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. தொடை வரை எடுத்தார்கள், போதவில்லை. பங்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசினார். நாலாம் நாள் காலை போய்விட்டான். சுவாச்சூக்காங் கல்லறையில் அடக்கம் செய்தோம். நான் கொன்றேன் என்றுதான் எண்ணிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த பிற்பகல், வந்தவர்கள் கிளம்பிய பிறகு, அவன் விளையாட்டுக் கருவியை எடுத்து வைத்துச் சுவிட்சைப் போட்டேன். வேண்டுமென்றே தேடிப் போய் என்னை நானே அடித்துக்கொள்ளும் புத்தி, வேறென்ன. அவன் பதிந்த வரி இருந்தது. நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவன் வரைந்த வழியிலேயே போனேன். அவன் திரும்பி வந்த இரண்டாம் மாடியைத் தாண்டினேன். அதற்குக் கீழேயும் வரைபடம் இருந்தது. அசுரன் அறை வரைக்கும், கடைசிப் படிக்கட்டு வரைக்கும், பிசகாத கோடு. அவன் அங்கே போய் நின்றிருக்கிறான்.

உள்ளே நுழைந்தேன். எனக்குச் சண்டையில் அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. கண்டபடி அமுக்கினேன். அந்த நாலு பேரும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லாத மாதிரி நின்று அடித்தார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அசுரன் கரைந்து போனான். பல வாரங்களாகவே அவனுக்குப் பலம் இருந்திருக்கிறது. எனக்கு முதலில் வந்தது ஆறுதல், நான் அழித்ததால் மட்டும் அவன் சாகவில்லை என்று. அடுத்த நிமிடமே அவன் மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. எதிரில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

அம்மா எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. வெற்றிக்கான பாட்டு வாசித்துக்கொண்டிருந்தது, திரையில் எல்லோரும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சிருச்சா?"

"ம்."

"எப்ப ஆரம்பிச்ச?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு மாதமாக விளையாடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு மாதமாக அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். "இப்பதாம்மா. சாப்பாட்டுக்கு அப்புறம்."

அம்மா என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள். விரித்து வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கடைசிப் படிக்கட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பயந்திருக்கான்டி," என்றாள். "பயமா இருக்குன்னு நம்மகிட்ட சொல்லத் தெரியல, பிள்ளைக்கு. நாம ரெண்டு பேரும் அவன் வெளையாடுறான்னு காத்துக்கிட்டு இருந்தோம்."