துண்டு போட்ட இடம்

அந்த மருத்துவமனையில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் புழங்கியது. மற்ற எல்லோருக்கும் அவள் பலூனக்கா. அவளைவிட இரண்டு வயது மூத்தவரான உடன் வேலை பார்க்கும் மனிதர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். எதையும் நேற்றே முடித்திருக்க வேண்டும் என்று நினைப்பவர் என்பதால் அவருக்கு அவசரம் என்று பெயர்.

பலூன் வந்த கதை இது. தரைத்தளத்தில், குளிரூட்டிய சிறிய அறையில், அலமாரி உயரத்துக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. அதன் வயிற்றுக்குள் பதினொரு கம்ப்யூட்டர்கள். பெட்டி என்னவோ ஒன்றுதான். உள்ளே இருப்பவை, தாங்களும் தனித்தனிப் பெட்டிகள் என்று நம்பிக்கொண்டிருக்கும் மெய்நிகர் எந்திரங்கள். ஒன்று டாக்டர்களுக்கு எக்ஸ்ரே படம் காட்டும். ஒன்று எந்த நோயாளிக்கு என்ன சாப்பாடு என்று சமையலறைக்குப் பட்டியல் போடும். ஒன்று காதுப் பரிசோதனை அறையின் கணக்குவழக்கைப் பார்த்துக்கொள்ளும். பதினொன்றுக்கும் மெமரியைப் பங்கு பிரித்துக் கொடுப்பது அந்தப் பெரிய பெட்டி. கொடுக்கும்போது ஒரு சிக்கலும் இல்லை. வாங்கின எந்திரம் வேலை முடிந்ததும் திருப்பித் தராது என்பதுதான் தொல்லை.

திருப்பி வாங்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு எந்திரத்துக்குள்ளும் ஒரு சின்ன நிரல் பலூன்போல உட்கார்ந்திருக்கும். அதை ஊதினால் உள்ளே இடத்தை அடைத்துக்கொள்ளும். அடைத்த இடம் பெரிய பெட்டிக்குத் திரும்பி வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் சமையலறை எந்திரத்தின் பலூனைக் கொஞ்சம் தாராளமாக ஊதிவிட்டாள். எந்திரத்துக்கு மூச்சு முட்டிப் பட்டியல் பாதியில் நின்றுபோக, சமையல்காரர் எதற்கு வம்பு என்று அன்றைக்கு முந்நூறு பேருக்கும் உப்பில்லாத சாப்பாடு அனுப்பினார். மருத்துவமனை அவளை மன்னித்தது. பெயரை மட்டும் விடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நிர்வாக அதிகாரி அவளைக் கூப்பிட்டார்.

"எக்ஸ்ரேக்குப் புது மெஷின் ஒண்ணு நம்ம பெட்டிக்குள்ள வெள்ளிக்கிழமை ஓடணும். பதினாறு ஜிபி கேக்குறாங்க."

"இல்லையே சார். புதுசா மெமரி ஆர்டர் பண்ணினா நாலு மாசம் ஆகும். நம்ம பெட்டி பழசு."

"அதனாலதான் சொல்றேன். காது ரூம் மெஷினை நிறுத்திடுங்க. அதுலயும் சரியா பதினாறு இருக்கு. பேஷன்ட்டுங்கள பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கலாம்."

பக்கத்து ஊரில் காதுப் பரிசோதனைக்கு ஏழு மாதம் காத்திருக்க வேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தொன்பது வயதில் அவளுடைய வலது காது மங்கியபோது, உலகத்தில் எல்லோரும் முணுமுணுக்கப் பழகிவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். கணவர்தான் கையைப் பிடித்து அந்த அறைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த பரிசோதகர், அவளாக எதுவும் கேட்காமலே, மூன்று தடவை செவிக்கருவியை மாற்றிப் பொருத்திப் பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஃப்ரிட்ஜுக்கு ஒரு குரல் உண்டு என்று தெரிந்தது. அதன் எதிரே நின்று கொஞ்ச நேரம் அழுதாள். அந்த அறையை மூடும் சுவிட்சு இப்போது அவள் கைக்கே வந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க சார். வேற இடத்துல தேடிப் பாக்குறேன்."

"தேடுங்க. கிடைக்கலைன்னா நிறுத்திடணும்."

மற்றொரு கூட்டத்துக்கு ஓடும் வழியில் அவசரத்தின் மேசையில் ஒரு சீட்டு எழுதி வைத்தாள்: 'எல்லா எந்திரத்திலும் சும்மா இருக்கும் மெமரியைத் திருப்பி வாங்கவும்.'

செவ்வாய் காலை எக்ஸ்ரே அறையிலிருந்து போன். படம் பார்க்கும் டாக்டரம்மா பொறுமைசாலிதான், ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு.

"பலூனக்கா, படம் வராம ஸ்க்ரீன்ல இந்த வட்டம் சுத்துறதப் பாத்துப் பாத்து எனக்கே தலை சுத்துது. அடுத்த எக்ஸ்ரே என் தலைக்குத்தான்."

அவசரம் வேலையைக் கச்சிதமாக முடித்திருந்தார். எந்திரங்கள் ஒருமுறை திறந்த கோப்புகளை மறுபடி யாராவது கேட்பார்கள் என்று மெமரியிலேயே வைத்திருக்கும். அதையும் சேர்த்து நிமிடத்துக்கு ஒரு தடவை துடைத்தெடுக்க நிரல் எழுதிவிட்டார். பார்த்த படத்தையே மறுபடி பார்க்கவும் டாக்டரம்மா ஹார்டு டிஸ்க் வட்டிலிருந்து அது ஊர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

"சும்மான்னா சும்மாதானேக்கா? நீங்கதானே எழுதினீங்க?"

"நான் காலியா இருக்கிறதச் சொன்னேன்."

"காலின்னு எழுதியிருக்கலாமே. சும்மாங்குற வார்த்தைய நம்பி எங்க வீட்டுல மூணு சண்டை நடந்திருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். பிழை அவருடையது இல்லை. நிரலை நிறுத்தினார்கள். திரும்பி வந்த மெமரி மொத்தமும், வந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவர் வெளியூர் பஸ் ஓட்டுநர். சாக்ஸைக் கழற்றிக்கொண்டே கதை முழுவதையும் கேட்டார்.

"இது எங்க பஸ்ல தினம் நடக்குறதுதான். சீட்டுல துண்டு போட்டுட்டுப் போயிடுவான். ஆளைக் காணோம். அவன் எறங்கிட்டானா, இல்ல தண்ணி வாங்கப் போயிருக்கானா? துண்டைப் பாத்தா தெரியுமா?"

"தெரியாது. அப்ப என்ன பண்ணுவீங்க?"

"நான் என்ன பண்றது, கண்டக்டர்தான் பண்ணணும். அவரு கொஞ்சம் பொறுப்பாரு. தண்ணி வாங்கிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்னு அவருக்குத் தெரியும். அதுக்கு மேல ஆச்சுன்னா துண்டு மேல கம்பியில, சீட்டு வேற ஆளுக்கு." சாக்ஸைச் சுருட்டி மூலையில் எறிந்தார். "உன் டாக்டரம்மா தண்ணி வாங்கிட்டு வர எத்தனை நிமிஷம்?"

அது அவளுக்குத் தெரியாது. ஏழு வருடமாக எண்களைப் பார்த்திருக்கிறாளே தவிர, எக்ஸ்ரே அறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்ததில்லை.

புதன்கிழமை போய் உட்கார்ந்தாள். மூலையில் ஒரு முக்காலி, கையில் நோட்டு, எதிர்ச் சுவரில் கடிகாரம். டாக்டரம்மா ஒரு படத்தைத் திறப்பார், எழுந்து வார்டுக்குப் போவார், நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து அதே படத்தைத் திறப்பார். பதினெட்டு நிமிடம். இருபத்திரண்டு. ஒரு தடவை இருபத்தாறு. அதைத் தாண்டிப் போனால் அந்தப் படத்தை அன்றைக்கு மறுபடி தேடவே மாட்டார்.

"என்னை வேவு பாக்க வந்தீங்களா?"

"இல்ல டாக்டர். நீங்க எப்போ திரும்பி வருவீங்கன்னு பாக்குறேன்."

"எங்க வீட்டுக்காரர்கூட இவ்வளவு அக்கறையாப் பாத்ததில்ல."

அன்று மாலையே நிரலை மாற்றி எழுதினாள். நாற்பது நிமிடம் யாரும் தொடாத மெமரிப் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். அதையும் கால் கால் ஜிபியாக. எடுத்ததை எந்திரம் உடனே திருப்பிக் கேட்டால், பலூன் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு எந்திரத்துக்கும் கைவைக்கக் கூடாத ஓர் அடிமட்டம் வைத்தாள். சமையலறைக்கு மட்டும் அதைத் தாராளமாகவே வைத்தாள். சூடு கண்ட பூனை.

வியாழக்கிழமை காலையில் துண்டுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அதிகாலையில் ஒரு மணி நேரம் உழைத்துவிட்டு நாள் முழுக்க மெமரியைக் கட்டிக்கொண்டு தூங்கும் சமையலறை எந்திரம் எட்டு ஜிபி கொடுத்தது. பழைய ஆவணங்களின் எந்திரம் நான்கு. மற்றவை அரையும் காலுமாகச் சேர்ந்து இரண்டரை. டாக்டரம்மாவிடமிருந்து போன் இல்லை. மாலை நான்கு மணிக்குப் பதினாலரையில் வந்து எண் நின்றுபோனது. அதற்கு மேல் அசையவில்லை.

நாற்பதை இருபதாக்கினால் மீதி ஒன்றரையும் வந்துவிடும். ஆனால் இருபத்தாறு நிமிடத்தை அவள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள். விசைப்பலகையில் கை வைத்தாள், எடுத்தாள்.

அவசரம் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். வழக்கத்துக்கு மாறாக நிதானமாகப் பேசினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நிரல் பட்டியல்ல பத்து மெஷின்தான் இருக்கு. நம்ம கிட்ட பதினொண்ணு."

விடுபட்டது அவளுடைய எந்திரம். மற்ற பத்தும் எவ்வளவு மெமரி தின்கின்றன என்று கண்காணித்து வரைபடம் போடுவது அதன் வேலை. ஏழு வருட வரைபடங்களையும் எப்போதாவது தேவைப்படும் என்று அதிலேயே ஏற்றி வைத்திருந்தாள். பட்டியல் எழுதும்போது அது அவள் கண்ணிலேயே படவில்லை.

"ஊரெல்லாம் துண்டு பொறுக்கினேன்," என்றாள். "என் துண்டு மேலயே உக்காந்திருந்திருக்கேன்."

"நான் சொல்லலக்கா. நீங்களே சொல்லிட்டீங்க."

பழைய வரைபடங்களை வட்டுக்கு மாற்றினாள். மூன்று ஜிபி வந்தது. அவருக்கு நன்றி சொல்லத் திரும்பினால், அவர் அதற்குள் வீட்டுக்குக் கிளம்பி, பையை மறந்து, பைக்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தார். வாசலில் மறித்துச் சொன்னாள். "இதுக்கெல்லாமா," என்று கூச்சப்பட்டுக்கொண்டு மறுபடியும் பையை மறந்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் புது எந்திரம் ஓடத் தொடங்கியது. எதையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. நிர்வாக அதிகாரி எட்டிப் பார்த்து, "எல்லாம் ஓடுதா? சரி," என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

மூன்று மணிக்கு அவளுடைய வருடாந்தரக் காதுப் பரிசோதனை. பரிசோதகர் அதே பழைய நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"திங்கட்கிழமை போன் பண்ணி ரூமை மூடப் போறோம்னாங்க. அப்புறம் சத்தமே இல்ல. புது மெமரி வாங்கிட்டாங்க போலம்மா."

"வாங்கல சார். உள்ள இருக்கிறவங்களே கொஞ்சம் ஒதுங்கி உக்காந்துகிட்டாங்க."

அவருக்குப் புரியவில்லை. புரியாததற்கும் சேர்த்துத் தலையாட்டினார். அவளுடைய கருவியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அவர் கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். அவர் முன்னால் திரை ஒளிர்ந்தது. அவளுடைய ஏழு வருடக் கோடுகளும் வரிசையாக வந்து நின்றன.

அவள் பொத்தானை அமுக்கினாள்.

ஹெட்போனுக்குள் அவர் குரல் வந்தது. "அம்மா, நான் இன்னும் சத்தமே குடுக்கலையே."

"தெரியும் சார்," என்றாள். "சும்மாதான்."