டொக்டர் 'தெரியல' என்றார், நான் 'இல்ல' என்று சொன்னேன்

இதே சபையில், இதே இடத்தில் நின்று போன வருடம் ஒரு சாட்சி சொன்னேன். அது உண்மை இல்லை. அதைத் திருத்தத்தான் இன்றைக்கு நிற்கிறேன். பயப்படாதீர்கள், முடிவு நல்லதுதான். ஆனால் என் முட்டாள்தனத்தை முதலில் சொன்னால்தான் கர்த்தர் செய்தது உங்களுக்கு விளங்கும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். வயது இருபத்தேழு. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். எனக்கு ஓட்டம் என்றால் பைத்தியம். ஐயாயிரம் மீற்றர் ஓடுவேன். மாகாணப் போட்டிக்குத் தெரிவானபோது எங்கள் லயத்து வீட்டு வரிசையே வாசலுக்கு வந்து கைகொடுத்தது. அதில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் கொழும்புக்குப் போகலாம். எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒன்றும் அதுவரை போனதில்லை.

அந்த ஆசையில் புத்தி கெட்டுப்போனது. ஒரு நாளைக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருந்தவள், பொங்கல் முடிந்த கையோடு பத்தாக்கினேன். அதுவும் பதுளைக்கு இறங்கும் தார் ரோட்டில், அடி தேய்ந்த பழைய சப்பாத்தோடு. மூன்றாவது கிழமை இடது முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில், ஒரு நோவு தொடங்கியது. முதலில் ஓடும்போது மட்டும் நொந்தது. பிறகு ஓடி முடித்த பின்னும் நொந்தது. கடைசியில் முன்பள்ளிப் படி ஏறவே முடியவில்லை.

"சுளுக்குதான் புள்ள. ஒரு தடவ வழிச்சா சரியாப் போயிரும்," என்று அம்மா எண்ணெய் போட்டு உருவிவிட்டார். உருவ உருவ எனக்கு உயிர் போனது. போட்டிக்கு மூன்று மாதம்கூட இல்லை. போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன். நீங்கள் எல்லோரும் உபவாசம் இருந்து எனக்காக ஜெபித்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் பதுளைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தேன். டொக்டர் சிங்களவர். ஆனாலும் எனக்காக நிறுத்தி நிறுத்தித் தமிழில் பேசினார். "படத்துல ஒன்னும் தெரியல. ரெண்டு கிழமை ஓட வேணாம். திரும்ப வாங்க, இன்னொரு படம் எடுப்போம்."

இத்தனையும் சொன்னார். எனக்கு முதல் வசனம் மட்டும்தான் காதில் விழுந்தது. பஸ்ஸில் ஏறியதும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "அம்மா, ஒன்னும் இல்லையாம்!" என்று கத்தினேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

தெரியல என்றது இல்ல என்று ஆகிவிட்டது. பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு எது வேண்டுமோ அதுதான் கேட்டது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து நின்றேன். படத்தில் ஒன்றும் இல்லை, கர்த்தர் என்னைத் தொட்டுவிட்டார் என்றேன். ஒற்றைக் காலில் மூன்று தடவை குதித்தும் காட்டினேன். நீங்கள் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அன்று காலை நான் இரண்டு வலி மாத்திரை போட்டிருந்ததை மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எப்படி வாய் திறப்பது? சுகம் கிடைத்தவள் நொண்டலாமா? லயத்துப் பக்கம் நிமிர்ந்து நடந்தேன். ஃபெக்டரி வளைவு தாண்டியதும் ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்வேன். முன்பெல்லாம் முழங்காலுக்குக் கீழே முழுக்கப் பரவியிருந்த நோவு, இப்போது ஒரு விரல் வைக்கிற இடத்தில் வந்து நின்றது. அந்த இடத்தைத் தொட்டால் கண்ணில் தண்ணீர் வரும். திரும்ப வரச் சொன்ன நாள் வந்தது. நான் போகவில்லை.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் செல்லம்மா அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்குச் சீனி வியாதி. குதிகாலில் ஒரு புண் இருந்தது. கிழமைக்கு ஒரு தடவை பதுளை கிளினிக்குக்குப் போய் மருந்து கட்டிக்கொண்டு வருவார். ஒரு புதன்கிழமை பின்னேரம் அவருடைய வீட்டுக்குள் கால் வைத்தேன். ஒரு வாடை அடித்தது. துணி சுற்றிய கால் வீங்கிப்போய் இருந்தது.

"என்னக்கா, கிளினிக் போகலையா?"

அக்கா சிரித்தார். "எதுக்குப் போகணும்? ஒனக்கு ஒன்னும் இல்லன்னு வந்துச்சுல்ல? நானும் விசுவாசமா இருக்கேன். மூனு கிழமையாப் போகல."

ஐயோ, அந்தச் சிரிப்பு! தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்து, பின்னால் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியடியில் உட்கார்ந்தேன். அதுவரை நான் செய்த ஜெபமெல்லாம் என் கால், என் போட்டி, என் கொழும்புதான். அன்றைக்கு வேறு மாதிரி வந்தது. "ஆண்டவரே, எனக்குக் கொழும்பு வேணாம். அக்காவோட கால் போகக் கூடாது. என்ன செய்யணுமோ அதைச் செய்யத் தைரியம் குடுங்க," என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. பீலித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மனசு அமர்ந்துவிட்டது. எழுந்து உள்ளே போனேன்.

"அக்கா, டொக்டர் இல்லன்னு சொல்லல. தெரியலன்னுதான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். இன்னிக்கும் எனக்கு வலிக்குது."

அக்கா, "அடிப்பாவி!" என்றார். என் தலையில் ஒரு குட்டு வைத்தார். "சரி, அழுவாத. ஆட்டோவுக்குச் சொல்லு. ரெண்டு பேரும் போவோம்."

அன்றைக்கே அக்காவை வார்ட்டில் சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று அங்கே சொன்னார்கள். அதைக் கேட்டு ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே முழங்காலில் நின்றேன். மறுநாள் எனக்கும் படம் எடுத்தார்கள். எலும்பில் ஒரு தலைமயிர் அளவுக்கு வெடிப்பு இருந்தது. முதல் படத்தில் இப்படிப்பட்டது தெரியாமல் போவது வழக்கமாம். அதற்காகத்தான் இரண்டாவது படத்துக்கு வரச் சொன்னாராம்.

"நான் தெரியலன்னுதானே சொன்னேன்?" என்றார் டொக்டர்.

"ஆமாங்க டொக்டர்," என்றேன்.

ஆறு கிழமை ஓடக் கூடாது, உருவக் கூடாது, ஊன்றுகோலோடு நடக்க வேண்டும் என்றார். போட்டி நாளும் வந்து போனது. அன்றைக்கு முழுக்க அழுதேன், மறைக்கவில்லை. பிறகு ஒரு நிமிடம் மெதுவாக ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கச் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கொழுந்து நிறை குறைந்தால் அரை நாள் வேலை என்று அரைப் பேர்தான் போடுவார்கள் இல்லையா, அதை நினைத்து, "இது என்னம்மா, அரைப் பேரு ஓட்டம்!" என்றேன்.

"அரைப் பேருன்னாலும் ஒன் பேரு இருக்குல்ல? பேசாம நட," என்றார் அம்மா. நடந்தேன். ஐந்து மாதத்தில் முழுப் பேர் ஆனது. இப்போது தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறேன். சப்பாத்தும் புதிது. இந்த வருடம் மாகாணத்தில் ஐந்தாவதாக வந்தேன். கொழும்புக்கு இன்னும் போகவில்லை.

அக்காவின் புண் ஆறிவிட்டது. அதோ, இரண்டு காலோடும் உட்கார்ந்திருக்கிறார். நான் கேட்டது அதுதான். கர்த்தர் அதைக் கொடுத்தார். என் காலையும் திருப்பித் தந்தார்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். ஜெபியுங்கள், விடாமல் ஜெபியுங்கள். ஆனால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள், அவரிடமும் சொல்லுங்கள், எங்களிடமும் சொல்லுங்கள். நொண்டிக்கொண்டு வருகிறவரை அவர் தள்ளமாட்டார். என்னைத் தள்ளவில்லை.

நான் எழுந்து வரும்போது அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, "இந்தத் தடவையாவது டொக்டர் சொன்னத முழுசாச் சொல்லு புள்ள," என்றார். சொல்லிவிடுகிறேன். போன மாதம் கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் சொன்னது இது: "எலும்பு நல்லா ஒட்டிருச்சு. ஓடுங்க. வலிச்சா நிப்பாட்டிட்டு ஒடனே வாங்க."

வலித்தால் போவேன். முழுசாகச் சொல்லிவிட்டேன், அக்கா.